வாங்க என்று சொன்ன பிறகு

அன்புக்கரசி அன்றைக்கு ஒரு சாண் மேலே பார்த்தாள்.

ஒத்திகையில் அவள் பார்க்க வேண்டிய இடத்தை ரூபன் வீட்டுக் கூடத்துச் சுவரில் குறித்தே வைத்திருந்தான். ஒயர் இணைப்பில் சுற்றும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி. நாற்காலியில் யாரும் கிடையாது. யாருமில்லாத அந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் ரூபன் எழுதிய நாடகமே. அவருடைய கண் டேப் இருக்கிற உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு எல்லாரும் பேச வேண்டும். ஒருத்தர் மேலேயும் ஒருத்தர் கீழேயும் பார்த்தால், பார்க்க வந்தவர்களுக்கு நாற்காலி காலி என்பது ஞாபகம் வந்துவிடும். அப்புறம் எவ்வளவு நடித்தும் பிரயோஜனமில்லை.

“அன்பு, டேப்பப் பாரு. மேல பாக்கற.”

“அவரு நிமுந்து உக்காந்துட்டாருங்க,” என்றாள் அவள், நாற்காலியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்கும் பொற்கொடி, நிஜத்திலும் கீழ்வீட்டுக்காரிதான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற சாமுவேல் அண்ணன், நாடகத்தில் பாதிரியார், மற்ற நேரத்தில் லைட்டுக்காரர், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ரூபனும் சிரித்தான். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதைச் சொன்ன விதத்தில் தமாஷ் எதுவும் இல்லை. கீழே பால்காரர் வந்திருக்கிறார் என்பதைப் போலச் சொன்னாள்.

ரூபனுக்கு பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. பம்புகளைப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்புகிற பிரிவு. அது வயிற்றுக்கு. நாடகம் மற்றதற்கெல்லாம். இந்தத் தடவை அவன் எழுதியது ‘ஏனுங்க, வந்துட்டீங்களா?’ என்ற நகைச்சுவை நாடகம். ஒரு மனைவிக்கு மட்டும் ஓர் ஆள் தெரிகிறார். அவரை வாசலில் வாங்க என்று அழைத்து, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, அவர்மேல் உயிரையே வைத்துவிடுகிறாள். புருஷனுக்கு மட்டும் நாற்காலி காலியாகவே தெரிகிறது. முதலில் பக்கத்து வீட்டுக்காரி மரியாதைக்காக அவருக்கும் சேர்த்துக் காபி கொண்டுவருகிறாள். பிறகு பாதிரியார் அவருக்காக ஜெபம் செய்கிறார். கடைசியில் ஊரே அவரை விசாரிக்கிறது. தன் கண்ணில்தான் கோளாறோ என்று புருஷன் பைத்தியமாகத் திரிகிறான். எழுதும்போது ரூபனே தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். புருஷன் வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டான். மனைவி வேஷத்துக்குப் பேசி வைத்திருந்த பெண் கல்யாணமாகித் தாராபுரத்துக்குப் போய்விட்டதால், நடிப்பு என்றாலே கூச்சப்படுகிற சொந்த மனைவி அன்புக்கரசியைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தான். வினை அங்கே தொடங்கியது.

அன்புக்கரசிக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கும் வேலை. நாள் முழுக்க ஊராரின் கண்ணுக்குள் பார்த்து, “இப்பத் தெரியுதுங்களா? இப்பங்க?” என்று கண்ணாடி மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து ரூபனைப் பார்க்கும் பார்வை, கேஸ் மூடியிருக்கிறதா என்று போகிற போக்கில் பார்க்கிற பார்வைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் பார்த்தாள்; அவனும் அதுதான் அவள் கண் என்று நினைத்திருந்தான். அந்த நாற்காலியைப் பார்த்தபோதுதான் அவளிடம் வேறு கண்ணும் இருப்பது தெரிந்தது. இமை கொஞ்சம் தாழும். உதட்டோரத்தில் ஏதோ ஒன்று தொடங்கித் தொடங்கி நிற்கும். பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டு, உடனே அந்த முடிவை மீறுகிறவள் போல மறுபடியும் பார்ப்பாள்.

அவளுக்கு நடிக்கத் தெரியாது. அதுதான் ரூபனின் தொண்டையில் முள்ளாக நின்றது. தன் கையால் எழுதிய ஆள்மேல் தனக்கே பொறாமை என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவனே அதை வைத்து ஒரு நாடகம் எழுதிச் சிரிக்க வைத்திருக்கிறான். ஆனாலும் பொறாமை பொறாமைதான். அது காலி நாற்காலி, ஆள் நாற்காலி என்று பார்ப்பதில்லை.

ஒரு நாள் சாப்பாட்டின்போது கேட்டே விட்டான்.

“அன்பு, நாடகத்துல பாக்கறயல்ல, அப்படி ஒருக்கா என்னையப் பாரு.”

“எப்படிங்க?”

“அந்த ஆளப் பாக்கற மாதிரி.”

அவள் ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே முயன்றாள். தலையைச் சாய்த்தாள். இமையைத் தாழ்த்தினாள். அவனுடைய வலது கண்ணைப் பார்த்தாள், இடது கண்ணைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் அக்கறை வந்தது. அவன் கேட்டது அதையல்ல.

“கண்ணு செவந்திருக்குதுங்க. மருந்து உட்டு உடட்டுங்களா?”

அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டான். அழுகை வந்தது. மோர் புளித்திருந்ததாகச் சொல்லி எழுந்துவிட்டான்.

மறுநாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் சுவரில் அந்தக் கறை கண்ணில் பட்டது. எல்லா வீட்டிலும் இருக்கிற கறைதான்: எண்ணெய் தேய்த்த தலையை ஒருவர் தினமும் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் வட்டமாகப் பழுப்பேறிவிடும். இது நாற்காலிக்குப் பின்னால், டேப்புக்கு ஒரு சாண் மேலே இருந்தது. தொட்டுப் பார்த்தான். விரலில் பிசுக்கு ஒட்டியது. முகர்ந்தான். வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெய். அவர்கள் வீட்டில் அந்த எண்ணெய் வாங்குவதில்லை. அன்புக்கு அந்த வாசனை ஆகாது.

பயப்பட வேண்டிய இடத்தில் அவனுக்கு முதலில் பயம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. சரி, அப்படியானால் நிஜமாகவே ஒருத்தன் வந்துபோகிறான். எண்ணெய் தேய்க்கிற தலையும், அந்தத் தலைக்குக் கீழே ஒரு கழுத்தும் உள்ள ஒருத்தன். அவனைப் பிடித்துவிடலாம்.

அன்புக்கு வாராந்திர ஓய்வு புதன்கிழமை. அந்தப் புதன் மத்தியானம் கம்பெனியில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஒண்டிப்புதூர் வந்து இறங்கினான். திருச்சி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தெரு முனையில் யாரோ வடகம் காயப்போட்டிருந்தார்கள். வெயில் எல்லாவற்றையும் வெளுக்க வைத்துக்கொண்டிருந்தது. இந்த வெளிச்சத்தில் யாரும் எதற்கும் பயப்பட மாட்டார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சூடேறிய மாடிப்படிகளில் பாதத்தின் ஓரத்தை மட்டும் வைத்து ஏறி, சாத்தியிருந்த கதவுக்கு இந்தப் பக்கம், தண்ணீர் டிரம்மின் ஈர வாசனைக்கும் வாடிய துளசித் தொட்டிக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே அன்பு பேசிக்கொண்டிருந்தாள்.

அவன் எழுதிய வசனம்தான். இரண்டாம் காட்சி. “உங்களுக்குச் சக்கரை போதுமுங்களா?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆள் பதில் சொல்வதாக ஏற்பாடு. எல்லா இடத்திலும் ஒரே அளவு நிறுத்தச் சொல்லி அவன்தான் பழக்கியிருந்தான். ஆனால் இப்போது நிறுத்தங்கள் ஒரே அளவில் இல்லை. சில குட்டையாக இருந்தன. ஒன்று நீண்டுகொண்டே போனது, ஒரு கதை சொல்லி முடிக்கிற அளவுக்கு நீண்டது, அதன் நடுவில் அவள் “ம்” போட்டாள், “அப்புறமுங்க?” என்றாள், பிறகு சரியாக ஓர் இடத்தில் அடக்க முடியாமல் சிரித்தாள். ரூபன் காதைக் கதவில் வைத்தான். மரத்துக்கு அந்தப் பக்கம் அவள் வளையல். மின்விசிறி. குரல் இல்லை. இன்னொரு குரல் இல்லவே இல்லை.

“அதையெல்லாம் அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. மனசு தாங்கமாட்டாரு,” என்றாள் அன்பு.

அது அவன் எழுதிய வசனமில்லை.

கதவைத் தள்ளித் திறந்தான். கூடத்தில் அவள் மட்டும் தரையில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் இரண்டு டம்ளர். ஒன்றில் பாதிக் காபி. மற்றதில் அடியில் நுரை மட்டும். நாற்காலியின் உட்காரும் இடத்தில் பச்சை ஒயர்கள் தொய்ந்து குழிந்திருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மெதுவாக, ஒவ்வொன்றாக, கிறீச்சிட்டபடி நிமிர்ந்தன.

“யாரு வந்தது?”

“யாருங்க வருவாங்க? வசனம் சொல்லிப் பாத்துட்டிருந்தேன்.”

“சிரிச்சயே?”

“சிரிப்பு வந்துச்சு, சிரிச்சனுங்க. நீங்க எழுதுனதுதானே?”

குளியலறையைப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பீரோவைத் திறந்து புடவைகளை விலக்கிப் பார்த்தான். மொட்டை மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான். தன் முகம் தெரிந்தது. அவன் இறங்கி வந்தபோது அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். கோபப்படவில்லை. அவன் தோளில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்துவிட்டாள். “வேலை சாஸ்தியாப் போச்சுங்களா?” என்று கேட்டாள். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு உயிர் திரும்பியிருக்கும்.

அன்றிலிருந்து அவன் மற்றவர்களைக் கவனிக்கத் தொடங்கினான். ஒத்திகைக்கு வரும் பொற்கொடி, நாற்காலியைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ரூபனைத் தாண்டும்போது அப்படிச் செய்யவில்லை. சாமுவேல் அண்ணன் பிளக் மாட்டுவதற்காக நாற்காலிப் பக்கம் குனிந்தவர், “கொஞ்சம் காலைத் தள்ளி வெச்சுக்குங்க,” என்றார். யாரிடம் என்று ரூபன் கேட்டதற்கு அவர் விழித்தார். அப்படி எதுவும் தான் சொல்லவே இல்லை என்றார்.

காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே பொற்கொடிதான் அதைக் கேட்டாள்.

“ஏனுங்ணா, ஒரு சந்தேகமுங்க. இந்த அவரு எப்பங்க போறாரு?”

“யாரு?”

“நாடகத்துல வாராரே, அவருதானுங்க. தினமும் வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்புடறோம். போயிட்டு வாங்கன்னு ஒரு நாளாச்சும் சொன்னமுங்களா? நீங்க எழுதவே இல்லீங்களே?”

ரூபன் வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருந்தான். நாற்காலியில் அவர் இருக்கும்போதே விளக்கணைந்தால்தான் பார்க்கிறவர்கள் அவரை மனதில் சுமந்துகொண்டு வீடு போவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தான். மேடைக்கு அது சரி. ஆனால் ஒத்திகைக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று, சொந்த வீட்டில், சொந்த வாசற்கதவைத் திறந்து, சொந்த மனைவியை விட்டு, சொம்பில் நிஜத் தண்ணீரோடு அழைக்க வைத்திருக்கிறான். அவர்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் விட்டால் ஜென்மப் பகை. அதே மாதிரி, வந்தவரும் போயிட்டு வாரேனுங்க என்று சொல்லி, வீட்டார் போயிட்டு வாங்க என்று விடை கொடுக்காமல் எழுந்து போக மாட்டார். இதற்காகவே பஸ்ஸை விட்டவர்கள் இருக்கிறார்கள். இவருக்கு யாரும் விடை கொடுக்கவில்லை. அவர் எப்படிப் போவார்? மரியாதை தெரிந்த மனிதர். உட்கார்ந்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே புதிய முடிவு ஒன்றை எழுதினான். ஒரே வரி. மனைவி எழுந்து, அந்த ஆளைப் பார்த்து, “போயிட்டு வாங்க” என்கிறாள். விளக்கு அணைகிறது. எழுதி முடித்ததும் அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அன்பிடம் நீட்டினான்.

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் முகம் சட்டென்று வெளுத்துப் போனதை அவன் பார்த்தான். தனக்காக அவள் முகம் ஒரு நாளும் அப்படி வெளுத்ததில்லை என்றும் நினைத்துக்கொண்டான். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தான்.

“கட்டாயம் சொல்லோணுமுங்களா?”

“சொல்லித்தான் ஆகோணும்.”

“சொன்னா ஒருத்தரு போயிருவாங்களேங்க.”

“அதுக்குத்தான் புள்ள சொல்றது.”

அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ பேசுவதைக் கேட்பவள் போல வெகுநேரம் இருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“சரிங்க. ஆனா இங்க சொல்லிப் பாக்க வேண்டாமுங்க. ஊட்ல உக்காந்திருக்கறவங்களச் சும்மா சும்மா போகச் சொல்றது நல்லாருக்காது. மேடையில சொல்லிப்போடறேன்.”

நாடகத்துக்கு ஏற்பாடு செய்தவர் திருமூர்த்தி. நூல் வியாபாரி, இலக்கியத்தில் ஆசை, பேச மைக் கிடைத்தால் விடமாட்டார். காந்திபுரம் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். ஞாயிறு சாயங்காலம். நாற்காலிகள் நிறைந்து, பின்னால் ஆட்கள் நின்றார்கள். மேடைக்குப் பின்னால் புதுப் பெயிண்ட் வாசனையும், யாரோ மிச்சம் வைத்த பஜ்ஜியின் எண்ணெய் வாசனையும், கூட்டத்தின் பவுடரும் வியர்வையும் மல்லிகையும் கலந்த வெக்கையும் திரைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தன. அன்பு நீலப் புடவை கட்டியிருந்தாள். அவன் வாங்கிக் கொடுத்ததுதான், ஆனால் அவனுக்காக ஒரு நாளும் கட்டாதது. இன்னும் கொஞ்ச நேரம், என்று ரூபன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஒரு வரி. அதற்குப் பிறகு இவள் எனக்கு மட்டும்தான்.

திரை விலகியது. கூட்டம் முதல் வசனத்திலேயே சிரித்தது. புருஷன் காலி நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும் இடத்தில் விசிலடித்தார்கள். பாதிரியார் ஜெபம் செய்த இடத்தில் ஒரு பெண்மணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ரூபனுக்கு நாடகக்காரனின் கர்வம் வந்தது. இத்தனை நாள் பயந்ததெல்லாம் வெறும் சூடு பிடித்த மூளையின் வேலை என்று தோன்றியது. அந்த நினைப்போடு நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, புருஷனின் நீளமான புலம்பலைத் தொடங்கினான்.

“ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். “மறைக்குது.”

கூட்டம் சிரிக்கவில்லை.

ரூபன் அவரைப் பார்த்தான். வேட்டி கட்டிய பெரியவர். கிண்டல் செய்கிற முகமில்லை. கழுத்தை எக்கி, ரூபனைத் தாண்டி, நாற்காலியைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாவும் எக்கினார். அதற்குப் பின்வரிசையும். மண்டபமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்தில். அங்கே டேப் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் ஒரே உயரம்.

அவன் தள்ளி நின்றான். கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது.

வசனம் மறந்தது. ஏதோ சொன்னான். யாரும் கேட்கவில்லை. அவர்கள் சிரித்தார்கள், ஆனால் அவன் பேசும்போது அல்ல. அவன் பேசாத இடங்களில். நிறுத்தங்களில். ஒரு நிறுத்தம் முடிந்ததும் கை தட்டினார்கள். அன்பு கைதட்டல் ஓயக் காத்திருந்து பதில் சொன்னாள். அழகாகச் சொன்னாள்.

கடைசிக் காட்சி.

அன்பு எழுந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டாள். யார் கையிலிருந்து என்று அவன் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. நாற்காலியை அவள் அந்தக் கண்ணால் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். சொல்லு. ரூபன் மனதுக்குள் கெஞ்சினான். சொல்லு புள்ள.

அவள் திரும்பினாள்.

ரூபனைப் பார்த்தாள். கோபமில்லை. வெறுப்புமில்லை. வெகுநேரம் தங்கிவிட்ட தூரத்து உறவுக்காரரிடம் காட்டுகிற பதமான மரியாதை.

“போயிட்டு வாங்க,” என்றாள்.

“அன்பு, நான்...”

“போயிட்டு வாங்கண்ணா,” என்றாள் பொற்கொடி, மேடையின் மறுபக்கத்திலிருந்து.

“போயிட்டு வா தம்பி,” என்றது சாமுவேல் அண்ணனின் குரல், விளக்குகளுக்கு அந்தப் பக்கம்.

முன்வரிசைப் பெரியவர் கைகூப்பினார். அந்த அம்மாவும். பின்னால் நின்றவர்களும். அத்தனை மரியாதை. அப்படிச் சொன்ன பிறகு ஓர் இடத்தில் நிற்பது எப்படி என்று ரூபனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் நகர்ந்து பழகிய கால்கள். அவன் சொல்லாமலே நகர்ந்தன. மேடை ஓரம். இருட்டு. இரும்புப் படி. பின்கதவு. வெளியே ஒரு வேப்பமரமும், நிறுத்திய ஸ்கூட்டர்களும், சாதாரணமான சாயங்காலமும் இருந்தன. உள்ளே கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சுயநினைவு வந்ததும் ஓடினான். மண்டபத்தைச் சுற்றி முன்வாசலுக்கு ஓடினான். பன்னீர் தெளிக்க நின்ற பெண் அவன்மேல் தெளிக்கவில்லை. வாங்க என்று சொல்லவும் இல்லை. கதவருகே நின்றவர் விலகவில்லை. அவன் இடித்துக்கொண்டு உள்ளே போனான். அவர் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

மேடையில் எல்லா விளக்கும் எரிந்தன. திருமூர்த்தி மைக்கில் இருந்தார்.

“...எழுதியதோட மட்டுமில்லாம, இவ்வளவு பிரமாதமா நடிக்கவும் செஞ்ச நம்ம ரூபன் அவர்களுக்கு, இந்தப் பொன்னாடையைப் போர்த்திக் கௌரவிக்கறோமுங்க.”

“நான் இங்க இருக்கறேன்!” என்று ரூபன் கத்தினான். “ஏனுங்க, நான் இங்க இருக்கறனுங்க!”

கடைசி வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அதன் தாய் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

திருமூர்த்தி பொன்னாடையை விரித்தார். நாற்காலிக்கு முன்னால் வந்து, குட்டையான மனிதர், குதிகாலைத் தூக்கி, யாருமில்லாத வெளியில் அதைப் போர்த்தினார். கையை எடுத்தார்.

பொன்னாடை விழவில்லை.

அங்கேயே நின்றது. ஜரிகைக் கரை இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் அகலமான தோளின் மேடு. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பின்னாலிருந்த நீலத் திரை தெரிந்தது. பொன்னாடை மெதுவாக ஏறி இறங்கியது. மூச்சு விடுகிறது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. யாரோ போட்டோ எடுத்தார்கள். “சிரிங்க ரூபன்,” என்றார்கள். அன்பு அதன் பக்கத்தில் நின்று, அண்ணாந்து, சுருங்கியிருந்த ஒரு மடிப்பை நீவிவிட்டாள்.

பிறகு இருவரும் இறங்கி வந்தார்கள். பொன்னாடை படிகளில் ஒவ்வொன்றாக அசைந்து இறங்கியது. வரிசைகள் விலகி வழிவிட்டன. நடுவில் ரூபன் மட்டும் நின்றான். நகர முடியவில்லை. வேப்பெண்ணெய் வாசனை. அன்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்தாள். “அன்பு,” என்றான். அவள் கண் அவனுடைய கண் இருந்த இடத்தின் வழியாகப் போய், பின்னால் இருந்த கதவைப் பார்த்தது.

“ஊட்டுக்குப் போலாமுங்க,” என்றாள், பக்கத்தில் மேலே பார்த்து.

அவளுடைய இடது கை காற்றில், எதையோ கோத்துப் பிடித்தபடி நின்றது. புறங்கையில், விளக்கு வெளிச்சத்தில், அவன் பார்த்தான். நான்கு விரல்கள் அழுத்தும் இடங்களில் தோல் குழிந்து வெளுத்திருந்தது. கட்டைவிரலின் ஐந்தாவது குழி மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவள் மணிக்கட்டு நரம்பின் மேல், மெல்ல, ஆசையாக, மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது.